கை தூக்கினால் கடைசிவரை!

(சுந்தரபாண்டியபுரம் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது)

தாய்மார்களே, விவசாயத் தோழர்களே!

2025 ஆகஸ்ட் 1 முதல் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்தார்கள். முக்கால்வாசி பெண்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்கு விடாதே, எங்களை நிரந்தரமாக்கு என்றார்கள். பேச்சுவார்த்தை தோற்றும் கலையவில்லை. உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு, 13-ம் தேதி நள்ளிரவில் போலீஸ்தான் அப்புறப்படுத்தியது.

அவர்களுக்காவது கையெழுத்துக் கேட்க எதிரே ஒரு மாநகராட்சி இருந்தது. நம்ம நெல்லுக்கு வியாபாரி வாயால சொல்றதுதான் விலை. ஆளுக்கொரு விலைக்குத் தனித்தனியா விற்கிறோம்.

விலையை எழுதிக் கொடுக்கும்வரை யாரும் தனியாக விற்பதில்லை. இதுதான் தீர்மானம். கடன் நெருக்குகிறவர்கள் இப்போதே சொல்லுங்கள், தப்பில்லை. சேர்ந்து வழி பார்ப்போம். ஆனா கை தூக்கிவிட்டு ராத்திரியில் ஒரு வண்டி போனால், எல்லார் விலையும் விழும்!

சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள்!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!