முதலில் வாழ்வு, பிறகு இழப்பு: ஆரம்ப வகுப்புகளின் சமூகக் கல்வியும் நம் கதை நூல்களும்

(ஒன்ராறியோவில் தமிழாசிரியர்களும் பெற்றோரும் கூடிய சந்திப்பொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் சிறியதாகத் தோன்றலாம். ஒன்றாம், இரண்டாம், மூன்றாம் தரங்களில் படிக்கும் நம் பிள்ளைகளுக்குச் சமூகக் கல்வி எவ்வாறு கற்பிக்கப்படுகிறது, அதற்கு எத்தகைய நூல்கள் துணைநிற்கின்றன என்பதே அப்பொருள். மாநாடுகள் வாயிலாகவும் மனுக்கள் வாயிலாகவும் எம் வரலாற்றை உலகுக்கு எடுத்துரைக்க நாம் பல்லாண்டுகளாக முயன்று வருகிறோம். அந்த வரலாறு ஏழு வயதுப் பிள்ளையின் கையிலுள்ள நூலில் எங்கே இருக்கிறது என்ற கேள்வியை மட்டும் நாம் அதிகம் கேட்பதில்லை.

ஒன்ராறியோவின் பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். ஒன்றாம் தரத்தில் பிள்ளை தன் வீட்டிலும் அயலிலும் தனக்குள்ள பொறுப்புகளைக் கற்கிறது. இரண்டாம் தரத்தில் குடும்பங்களின் மரபுகள் காலப்போக்கில் மாறுவதையும், உலகின் பல பாகங்களில் மக்கள் வாழும் முறைகளையும் கற்கிறது. மூன்றாம் தரத்தில் 1780 முதல் 1850 வரை இந்நாட்டில் வாழ்ந்த சமூகங்களைப் பற்றிக் கற்கிறது. இந்த வயதில் பாடநூலை வரிவரியாகப் படிப்பித்துப் பயனில்லை. ஆசிரியர் பிள்ளைகளைத் தரைவிரிப்பில் அமர்த்தி, படக்கதை நூலொன்றை உரக்க வாசிக்கிறார். இடையிடையே நிறுத்திக் கேள்வி கேட்கிறார். கதையில் வந்த ஊரை வரைபடத்தில் தேடச் சொல்கிறார். வீட்டிற்குச் சென்று பாட்டனிடமோ பாட்டியிடமோ கேட்டுவரச் சொல்கிறார். ஆறு, ஏழு வயதில் சமூகக் கல்வி என்பது பெரும்பாலும் இதுவே. ஐக்கிய அமெரிக்காவில் சமூகக் கல்விக்கான தேசிய மன்றமும் சிறுவர் நூல் மன்றமும் இணைந்து, இப்பாடத்துக்கு உகந்த சிறுவர் நூல்களின் பட்டியலை 1970களிலிருந்து ஆண்டுதோறும் வெளியிட்டு வருவதும் இக்காரணத்தாலேயே.

ஆகவே வகுப்பறை அலுமாரியில் எவருடைய கதை இருக்கிறதோ, அவரே பிள்ளையின் கண்ணில் சமூகத்தின் உறுப்பினர் ஆகிறார். இதை முதலில் உரத்துச் சொன்னவர்கள் நாமல்லர். 1965இல் நான்சி லாரிக் என்ற கல்வியாளர், மூன்றாண்டுகளில் அமெரிக்காவில் வெளிவந்த 5,206 சிறுவர் நூல்களை ஆராய்ந்தார். கறுப்பினத்தவர் ஒருவரேனும் இடம்பெற்ற நூல்கள் 349 மட்டுமே. அதாவது நூற்றுக்கு ஏழுக்கும் குறைவு. இருபது ஆண்டுகள் கழித்து, 1985இல், விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தின் சிறுவர் நூல் நிலையம் ஒரு கணக்கெடுத்தது. அவ்வாண்டு வெளியான ஏறத்தாழ 2,500 நூல்களில் கறுப்பின எழுத்தாளரோ ஓவியரோ உருவாக்கியவை 18 மாத்திரமே. 1990இல் பேராசிரியர் ரூடின் சிம்ஸ் பிஷப், நூல்கள் பிள்ளைகளுக்குக் கண்ணாடியாகவும் சாளரமாகவும் விளங்க வேண்டும் என்று எழுதினார். கண்ணாடியில் பிள்ளை தன்னைக் காணும். சாளரத்தின் வழியே பிறரைக் காணும். இரண்டும் வேண்டும். நூல்களில் தன்னைக் காணாத பிள்ளை, தான் மதிக்கப்படாதவள் என்ற பாடத்தை எவரும் சொல்லாமலே கற்றுக்கொள்கிறாள்.

எண்ணிக்கையைக் கேட்டவுடன் நம்மில் சிலர், நாளையே நூறு நூல் அச்சிடுவோம் என்று புறப்படக்கூடும். அவ்வாறு புறப்படுமுன், நல்ல நூல் எவ்வாறு அமைகிறது என்பதைச் சற்று நிதானித்துப் பார்ப்போம். மூன்று நூல்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, வேரா வில்லியம்ஸ் எழுதி வரைந்து 1982இல் வெளிவந்த 'ஏ செயர் ஃபோர் மை மதர்'. உணவகத்தில் பரிமாறும் வேலை செய்யும் தாய், பாட்டி, சிறுமி ஆகிய மூவர் கொண்ட ஏழைக் குடும்பம். அவர்களின் வீடு தீயில் அழிந்துவிட்டது. அயலவர் மேசையும் கட்டிலும் கொடுத்து உதவுகின்றனர். ஆனால் வேலை முடிந்து வரும் தாய் கால் ஆறி அமர ஒரு நல்ல நாற்காலி இல்லை. மூவரும் பெரிய கண்ணாடிச் சாடியில் சில்லறை சேர்க்கின்றனர். சாடி நிறைந்ததும் நாற்காலி வாங்குகின்றனர். கதை இவ்வளவுதான். உழைப்பு, சேமிப்பு, தேவை, அயலவர் கடமை என முதலாம் தரப் பாடம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது. தீயைப் பற்றிய பக்கங்கள் சிலவே. சேமிப்பைப் பற்றிய பக்கங்களே மிகுதி என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாவது, நிக்கோலா கேம்பல் எழுதி 2005இல் கனடாவில் வெளிவந்த 'ஷி-ஷி-எட்கோ'. இந்நாட்டின் முதற்குடிகளின் பிள்ளைகள் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு வதிவிடப் பள்ளிகளில் அடைக்கப்பட்டனர் என்பதை அறிவீர்கள். தாய்மொழி பேசியதற்காக அங்கே தண்டிக்கப்பட்டனர். இக்கொடுமையை ஏழு வயதுப் பிள்ளைக்கு எவ்வாறு சொல்வது? கேம்பல் அந்தப் பள்ளிக்குள் நம்மை அழைத்துச் செல்லவே இல்லை. சிறுமி புறப்படுவதற்கு முந்திய நான்கு நாட்களை மட்டும் காட்டுகிறார். தாயும் தந்தையும் பாட்டியும் அவளை ஆற்றங்கரைக்கும் காட்டுக்கும் அழைத்துச் சென்று, மறவாதே என்கின்றனர். பாட்டி தந்த தோற்பையில் அவள் தன் நினைவுகளைச் சேர்த்து, ஒரு மரத்தின் வேரடியில் ஒளித்து வைக்கிறாள். பின்னர் வாகனம் வருகிறது. வாசிக்கும் பிள்ளைக்கு, பறிபோனது எது என்பது தெளிவாகத் தெரிகிறது. ஆதலால் பறித்தது தவறு என்பதை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, ஜெனெட் வின்டர் எழுதி வரைந்து 2005இல் வெளிவந்த 'த லைப்ரேரியன் ஒஃப் பஸ்ரா'. ஈராக் போர் மூண்ட 2003ஆம் ஆண்டில், பஸ்ரா நகர நூலகர் ஆலியா முகமது பேக்கர் அயலவரின் துணையுடன் ஏறத்தாழ 30,000 நூல்களைக் காப்பாற்றினார். பின்னர் நூலகம் எரிந்தது. நூல்கள் பிழைத்தன. இது நடந்த கதை.

இம்மூன்றிலும் ஒரே ஒழுங்கு தெரிகிறது. இழப்பு மறைக்கப்படவில்லை. ஆயினும் இழப்பைச் சுற்றி வாழ்வு நிறைந்திருக்கிறது. கைகொடுத்த மனிதர் இருக்கின்றனர். இருந்தது எது, இழந்தது எது, துணைநின்றவர் யார் என்ற மூன்றும் சேர்ந்தே ஒரு சிறுவர் நூல் ஆகின்றது. நாமோ நம் பிள்ளைகளிடம் இரண்டாவதிலிருந்தே தொடங்குகிறோம். 1983 என்கிறோம், 2009 என்கிறோம். அதற்கு முன் அங்கே ஒரு வீடும் கிணற்றடியும் பள்ளிக்கூடமும் இருந்ததை அவர்கள் அறியார்கள். அறியாத ஒன்றின் இழப்புக்காக ஒரு பிள்ளை எவ்வாறு வருந்தும்? அச்சமே எஞ்சும், அல்லது சலிப்பு எஞ்சும்.

பஸ்ரா நூலகத்தின் கதையைப் படிக்கும் பிள்ளைக்கு நம் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் கதையையும் நாம் தரலாம். அது 1981இல் எரிந்ததை நாம் அனைவரும் அறிவோம். 97,000 நூல்கள் என்ற எண்ணும் நமக்கு மனப்பாடம். ஆனால் அந்நூலகம் 1933இல் க. மு. செல்லப்பா அவர்களின் வீட்டில் சிறு நூலகமாகத் தொடங்கியதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்? ஊரார் கூடி முயன்றதும், இந்திய நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் ஆலோசனை வழங்கியதும், 1959இல் வெண்ணிறக் கட்டடம் திறக்கப்பட்டதும் சமூகக் கல்விப் பாடங்கள் அல்லவா? பொது நூலகம் என்பது யாது, அதை யார் கட்டுகின்றனர், அது யாருக்குச் சொந்தம் என்பன இரண்டாம் தரப் பிள்ளைக்கு உரிய கேள்விகள். அந்த நூல் தீயில் தொடங்கலாகாது. செல்லப்பாவின் வீட்டு வாசலில் தொடங்க வேண்டும்.

இன்னொரு கதையும் உண்டு. 1986 ஆவணியில் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரைக் கஸ் டால்ற்றன் என்ற மீனவரும் அவருடைய தோழர்களும் மீட்டனர். கனடாவின் வரலாறும் எம் வரலாறும் ஒன்றாகும் இடம் அது. அவர்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து கப்பலேறியதும், முதலில் அதை மறைத்துக் கூறியதும் பின்னர் வெளியாகின. அதையும் மறைக்க வேண்டியதில்லை. அஞ்சிய மனிதர் ஏன் அவ்வாறு சொன்னார்கள் என்று ஆசிரியர் வகுப்பில் கேட்கலாம். பிள்ளைகள் மிக நேர்மையாக விடை கூறுவார்கள்.

பிள்ளைகள் மிகச் சிறியவர்கள், இவையெல்லாம் இப்போது வேண்டாம் என்று சில பெற்றோர் எண்ணுகின்றனர். அந்தக் கவலை நியாயமானதே. எனினும் கனடாவின் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2015இல் விடுத்த 94 அறைகூவல்களுள் ஒன்று, வதிவிடப் பள்ளிகளின் வரலாற்றை வயதுக்கேற்ற முறையில் பாலர் வகுப்பிலிருந்தே கட்டாயமாகக் கற்பிக்குமாறு கோருகிறது. முதற்குடிகள் கேட்டது மௌனத்தை அன்று, வயதுக்கேற்ற அளவை. நாமும் அந்த அளவைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

கண்ணாடியைப் பற்றி இவ்வளவு பேசிய பின் சாளரத்தை மறத்தல் தகாது. நாம் குடியிருக்கும் நிலத்தின் முதற்குடிகளுடைய கதைகள் நம் தமிழ் வகுப்புகளிலும் வாசிக்கப்பட வேண்டும். நம் கண்ணாடியும் முழுமையாக இருத்தல் வேண்டும். தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டில் பிறந்த பிள்ளையும், 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பத்தின் பிள்ளையும் அதில் தன் முகத்தைக் காண வேண்டும். நமக்கு நேர்ந்ததை மட்டும் சொல்லி, நம் நடுவே பிறருக்கு நேர்ந்ததை விடுத்தால், பிள்ளைகள் வளர்ந்தபின் நம்மைக் கேட்பார்கள்.

இனிச் செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன். படக்கதை நூலொன்றுக்கு வழமையாக 32 பக்கங்கள். ஆயிரம் சொற்களுக்கும் குறைவான எழுத்தே போதும். ஒரு பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் இரண்டும் இருக்கட்டும். அப்போது அந்நூலைத் தமிழாசிரியரும் வாசிக்கலாம், பாடசாலை ஆசிரியரும் வாசிக்கலாம். ஆண்டுகளையும் எண்ணிக்கைகளையும் கதைக்குள் திணிக்காது, இறுதிப் பக்கத்தில் பெரியோருக்கான குறிப்பாகத் தாருங்கள். வரலாற்றை அறிந்த ஒருவர், ஓவியர் ஒருவர், ஆரம்ப வகுப்பு ஆசிரியர் ஒருவர் என மூவர் சேர்ந்தால் ஒரு நூல் உருவாகும். அச்சிடுமுன் ஒரு வகுப்பில் வாசித்துக் காட்டுங்கள்; பிள்ளைகள் நெளியும் பக்கத்தைத் திருத்துங்கள்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் கொண்ட இருமொழிப் படநூல்களை வெளியிட்டுள்ளது. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழ்ப் படநூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பிறமொழிக் கதைகளைத் தமிழாக்கவும் அங்கே இடமுண்டு. பொது நூலகத்திடம் ஒரு நூலை வாங்குமாறு வாசகர் கோரலாம். அந்த உரிமையை நாம் பயன்படுத்த வேண்டும். தை மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக ஒன்ராறியோ 2014இலும், கனடா நாடாளுமன்றம் 2016இலும் ஏற்றுக்கொண்டன. அம்மாதத்தில் பாடசாலைக்குப் பொங்கலும் நடனமும் கொண்டு செல்கிறோம், மகிழ்ச்சி. அவற்றோடு ஒரு நூலையும் கொண்டு செல்லுங்கள். பொங்கல் அன்றே தீர்ந்துவிடும். நூல் அலுமாரியில் இருக்கும், அடுத்த ஆண்டு வரும் பிள்ளையும் அதை எடுப்பாள்.

நம் பிள்ளைகள் நம் துயரை மட்டும் அறிந்தவர்களாக வளரலாகாது. நாம் எவ்வாறு வாழ்ந்தோம் என்பதையும் அறிந்து வளரட்டும். அதற்கான முதல் 32 பக்கங்களை எழுத உங்களுள் சிலரேனும் முன்வருவீர்கள் என்ற நம்பிக்கையுடன் விடைபெறுகிறேன்.