முயல் பல்லும் முந்தானை முடிச்சும்



ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரிலிருந்து கீழே இறங்கும் பேருந்து, காலை நேரம். பின் இருக்கையில் ஓர் அம்மா. மடியில் பிளாஸ்டிக் கூடை, அதன் மேல் ஈரத்துண்டு. நடத்துநர் குனிந்து பார்த்தார். “கோழியா?”

“மொசலுங்க. ஆஸ்பத்திரிக்கு.”

பேருந்தில் பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். மாட்டை ஓட்டிக்கொண்டு போவார்கள், ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு போவார்கள். முயலுக்கு யாராவது ஆஸ்பத்திரி பார்ப்பார்களா? முன்னால் இருந்த பெரியவர் திரும்பிச் சொன்னார்: “சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.”

பெரியவரின் கணக்கில் பிழை இல்லை. சில நூறு ரூபாய்க்குச் சந்தையில் ஒரு ஜோடி முயல் கிடைக்கும். அந்த ஒற்றை முயலுக்கு அன்று சாயங்காலத்துக்குள் ஆன செலவில் நல்ல வெள்ளாட்டுக் குட்டியே வாங்கியிருக்கலாம். ஆனால் மகன் ஆறாம் வகுப்புப் படிக்கிறான், முயலை நினைத்து அவனுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. அந்த அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பேருந்துக் கட்டணம் கொடுத்தார்.

மலையடிவாரத்தில் அந்தக் கூடையைத் திறந்து பார்த்தவர்தான் இப்போது உங்களோடு பேசுவது. தன்னைப் பற்றித் தானே பேசக் கூச்சம் என்பதால், இந்தப் பதினைந்து நிமிடமும் தன்னை ‘மருத்துவர்’ என்றே சொல்லிக்கொள்வார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முயலின் தாடை முழுக்க ஈரம். வாயிலிருந்து எச்சில் வழிந்து கழுத்து ரோமம் சடையாகிக் கிடந்தது. மூன்று நாளாகப் புழுக்கை இல்லை. “என்ன தின்னும்?” என்று மருத்துவர் கேட்டார். “பிஸ்கெட்டுன்னா உசுரு, டாக்டரம்மா. சோறு போட்டா தின்னும். கேரட்டு எப்பவாச்சும்.” புல்? “புல்லெல்லாம் ஆட்டுக்குத்தானேங்க.”

காதுக்குள் பார்க்கும் சிறிய விளக்குக் கருவியை முயலின் வாய்க்குள் நுழைத்தார் மருத்துவர். கடைவாய்ப் பல்லில் ஊசிபோல ஒரு முனை வளர்ந்து நாக்கைக் கிழித்திருந்தது.

நேயர்களே, இந்த இடத்தில் மருத்துவருக்குக் கொஞ்சம் சலுகை கொடுங்கள். முயல் பல் என்றால் அவருக்கு நேரம் போவது தெரியாது.

முயலுக்கு மொத்தம் 28 பற்கள். முன்னால் தெரியும் இரண்டு மேல்பற்களுக்குப் பின்னால் ஒளிந்தாற்போல் இன்னும் இரண்டு குட்டிப் பற்கள் உண்டு. எலி, அணில் கூட்டத்தில் முயலைச் சேர்க்காமல் தனி வரிசையில் வைப்பதற்கு அந்தக் குட்டிப் பற்கள் ஒரு காரணம். நம் பல் முளைத்து, வளர்ந்து, ஓர் அளவில் நின்றுவிடும். முயலின் பல் நிற்பதே இல்லை. முன்பல் வாரத்துக்கு இரண்டு மில்லிமீட்டருக்குக் குறையாமல் வளரும். தேயாமல் விட்டால் ஒரு வருடத்தில் அரைச் சாண் நீளம். கடைவாய்ப் பற்களும் வளர்ந்துகொண்டேதான் இருக்கும், கொஞ்சம் மெதுவாக.

தேய்ப்பது எது? முக்கியமாகப் புல். புல்லில் மணல் போன்ற சிலிக்காச் சத்து உண்டு. அதை நசுக்க முயல் தாடையைப் பக்கவாட்டில் இழுத்து இழுத்து அரைக்கிறது, நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல். அம்மிக்கல்லில் குழவி ஓடுகிற ஓட்டம் அது. பிஸ்கெட்டுக்கும் சோற்றுக்கும் அந்த ஓட்டம் தேவையில்லை. மேலும் கீழுமாக இரண்டு கடி, முடிந்தது. அம்மியை ஒரு பக்கமே தேய்த்தால் மறுபக்கம் மேடாகும் இல்லையா? பல்லும் அப்படித்தான். கீழ்ப்பல்லின் முனை உள்ளே திரும்பி நாக்கைக் குத்தும், மேல்பல்லின் முனை வெளியே திரும்பிக் கன்னத்தைக் குத்தும். வலி வந்தால் முயல் தின்னாது. தின்னாவிட்டால் குடல் நின்றுபோகும். குடல் நின்றால் வாயு சேர்ந்து வயிறு உப்பும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது.

இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில்தான் பெரிய ரசீது காத்திருக்கிறது. மயக்க மருந்து கொடுத்து, வாயை அகட்டி, சுழலும் கருவியால் பல்லை ராவ வேண்டும். எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஐந்தாறு நாள் ஊசிக்குழாயில் கஞ்சிபோலக் கரைத்த தீவனத்தை ஊட்ட வேண்டும். நாய்க்கும் பூனைக்கும் மயக்கம் கொடுக்கப் பழகிய மருத்துவர்கள்கூட முயல் என்றால் தயங்குவார்கள்; உடம்பு சிறியது, பயந்த சுபாவம், மூச்சுக்குழாயில் குழாய் நுழைப்பது சிரமம். செய்யத் தெரிந்தவர்கள் குறைவு. அதனால் கட்டணம் அதிகம்.

அந்த அம்மா மகளிர் குழுவில் அவசரக் கடன் எடுத்து வைத்தியம் பார்த்தார். முயல் பிழைத்தது. இரண்டு மாதத்தில் அதே பேருந்து, அதே கூடை, அதே எச்சில். மருத்துவருக்கு அன்று வந்தது கோபமா வெட்கமா என்று அவருக்கே தெரியாது. முதல் தடவை பல்லை ராவ ஏற்பாடு செய்தவர், வாசலில் நிறுத்தி ஒரு வார்த்தை “புல் போடுங்கள்” என்று அழுத்திச் சொல்லாமல் விட்டிருந்தார். பிஸ்கெட் அது பாட்டுக்குத் தொடர்ந்திருக்கிறது.

ஜவ்வாது மலையில் புல்லுக்கா பஞ்சம்? அருகம்புல்லும் கொழுக்கட்டைப்புல்லும் ஆடு மேயும் பாதையெல்லாம் கிடக்கின்றன. மலையில் சாமை விளைகிறது, அறுத்தபின் சாமை வைக்கோல் இருக்கிறது. நகரத்தில் பொட்டலம் போட்டு விற்கிற உலர்புல்லுக்குக் கொடுக்கிற விலையை மலைக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். முயலின் தட்டில் ஐந்தில் நான்கு பங்கு புல்லாக, அதுவும் உலர்ந்ததாக இருந்தால் போதும். கொஞ்சம் வேலிமசால், கொஞ்சம் முருங்கைக்கீரை. கேரட் எப்போதாவது ஒரு துண்டு. முயலுக்குக் கேரட்தான் சாப்பாடு என்பது சித்திரக்கதை முயல்கள் பரப்பிய புரளி. பூச்சிமருந்து தெளித்த வயலோரப் புல் வேண்டாம். மலைச்சரிவில் மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடி விஷம், ஒரு இலைகூட வேண்டாம்.

நகவெட்டியால் முயலின் முன்பல்லை வெட்டுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். பல் நீளவாக்கில் பிளந்து, வேர்வரை சீழ் பிடிக்கும். காசு மிச்சம் என்று செய்தது, தாடைச் சீழை அறுவை செய்யும் செலவில் வந்து நிற்கும்.

அப்படி மிச்சம் பிடிக்கப் போய்ச் செலவு இழுத்த கதைகள் மருத்துவரிடம் நிறைய. ஒருவர் முயலின் காதில் பொருக்கு கட்டியிருப்பதைப் பார்த்து, வீட்டு நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைத் தெளித்தார். அதில் பிப்ரோனில் இருந்தது. நாய்க்கு ஒன்றும் செய்யாத அந்த மருந்து முயலை வலிப்பில் தள்ளிவிடும். இன்னொருவர் குழந்தைக்கு வாங்கிய அமாக்ஸிசிலின் சிரப்பை இரண்டு சொட்டு ஊட்டினார். வாய்வழியாகப் போகும் பென்சிலின் வகை மருந்துகள் முயலின் குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களைக் கொன்று, கெட்டவை பெருக வழி விட்டுவிடும். இரண்டு முயலையும் காப்பாற்ற முடியவில்லை.

இதில் மனம் நோகிற விஷயம், அந்தக் காதுப் பொருக்குக்கு வைத்தியம் மிக மலிவு. அது சொறிப்பூச்சி. ஐவர்மெக்டின் ஊசி, இரண்டு வாரம் விட்டு இன்னொன்று. ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடுகிற அதே மருந்து, அளவுதான் துளி. ஊர் ஊருக்கு இருக்கும் கால்நடை மருந்தகத்தில், நம் மக்கள் சொல்கிற மாட்டாஸ்பத்திரியில், அதை வைத்திருப்பார்கள். முயலை அங்கே கொண்டுபோகத்தான் வெட்கம். “மாடு நிக்கிற எடத்துல மொசலைத் தூக்கிட்டுப் போனா சிரிப்பாங்க.” சிரிக்கட்டும். அரசு மருந்தகம் முயலுக்கும் சேர்த்துத்தான்.

வெட்கப்படாமல் கேட்க வேண்டியவை இன்னும் சில. 1962 என்ற எண்ணை அழைத்தால் வருகிற நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திகள் 2024இல் தமிழ்நாடு முழுக்க ஓடத் தொடங்கின. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மையங்கள் வேலூரிலும் திருவண்ணாமலையிலும் உண்டு. முயல் வளர்ப்பு பற்றி அங்கே கேட்கலாம். பல் ராவுவது, கருப்பை எடுப்பது போன்ற பெரிய வேலை என்றால் சென்னை வேப்பேரி. 1903இல் சைதாப்பேட்டையில் தொடங்கி, இரண்டே ஆண்டில் வேப்பேரிக்கு மாறிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அங்கே இருக்கிறது. மாணவர்கள் கற்கிற இடம், பேராசிரியர்கள் பக்கத்தில் நிற்பார்கள், கட்டணமும் தனியார் விலை இல்லை. மலையிலிருந்து தூரம்தான். காலை முதல் பேருந்துக்கே கிளம்ப வேண்டும், முயல் பட்டினியாகப் போகக் கூடாது. மயக்கம் கொடுக்கும் முன் நாயைப் பட்டினி போடுவார்கள், முயலைப் போடக் கூடாது. கூடையில் ஒரு பிடி புல் வையுங்கள்.

விலங்குக்கு ஏழையின் காசில் வைத்தியம் என்ற கேள்வி நம் ஊரில் மட்டும் எழுந்ததல்ல. 1917இல், முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, லண்டன் ஒயிட்சாப்பலின் ஒரு நிலவறையில் மரியா டிக்கின் என்ற பெண்மணி பணமில்லாதவர்களின் விலங்குகளுக்கு இலவச மருந்தகம் திறந்தார். அங்கே வந்தவை பெரும்பாலும் கூலிக்காரர்களின் கழுதைகள், நாய்கள், பூனைகள், முயல்கள். அதிலிருந்து வளர்ந்த அமைப்பு இன்றும் இயங்குகிறது. சென்னையில் 1959இல் கேப்டன் சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸும் அந்த வழியில் வந்ததுதான்.

காப்பீடு உண்டா என்று கேட்பீர்கள். நாய், பூனைக்குச் சில நிறுவனங்கள் போடுகின்றன. முயலுக்கு விசித்திரமான நிலை. தேசிய கால்நடை இயக்கத்தின் காப்பீட்டில் மாடு, ஆடு, பன்றியோடு முயலின் பெயரும் இருக்கிறது. பத்து முயல் ஒரு மாட்டுக்குச் சமம் என்று கணக்கு. ஆனால் அது பண்ணைக்காரருக்கு, அதுவும் முயல் செத்தால். பல் ராவ அதில் பைசா கிடைக்காது. ஆகவே ஜவ்வாது மலை வீட்டுக்கு இன்றைக்குக் காப்பீடு என்பது உண்டியல்தான். முயல் வாங்கிய அன்றே ஒரு டப்பாவில் வாரம் இருபது ரூபாய் போட ஆரம்பித்தால் வருடத்தில் ஆயிரத்தைத் தாண்டும். மகனையே போடச் சொல்லுங்கள்.

ஒரு நல்ல செய்தி இடையில். முயலின் மூத்திரம் திடீரெனச் செங்கல் நிறத்தில் இருந்தால் ரத்தம் என்று அலறி வண்டி பிடிக்காதீர்கள். தின்ற செடியின் நிறமி பல நேரம் அப்படிச் சாயம் ஏற்றும். முயல் சுறுசுறுப்பாகத் தின்றுகொண்டிருந்தால் ஒரு நாள் பார்க்கலாம். அதுவே பன்னிரண்டு மணி நேரம் எதுவும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் ஒரு மூலையில் குந்தியிருந்தால், நள்ளிரவானாலும் தொலைபேசியை எடுங்கள். வேட்டைக்கு இரையாகும் விலங்கு நோயை மறைத்தே பழகியது. அது முகம் காட்டும்போது ஏற்கெனவே தாமதம்.

ஜோடியாக வாங்குவோருக்கு ஒரு வரி: 31 நாளில் குட்டி. ஒரு ஈற்றில் ஆறு, எட்டு. ஆணையும் பெண்ணையும் பிரிக்காவிட்டால் செலவு பெருகுகிற வேகம் வட்டிக்கடைக்காரருக்கே வராது. கருப்பையை எடுக்காத பெட்டை முயலுக்கு நாலு வயதுக்கு மேல் கருப்பைப் புற்று வருவதும் மிகச் சாதாரணம். குட்டிகளைக் கம்பித் தளத்திலேயே விட்டால் பாதம் புண்ணாகும், ஈரத் தரையில் விட்டால் ரத்தக்கழிச்சல் வரும். மன்னவனூரிலும் நீலகிரியின் சாண்டிநல்லாவிலும் முயல் வளர்க்கிற ஆராய்ச்சி நிலையத்தாரைக் கேட்டால் இதை மணிக்கணக்கில் சொல்வார்கள். இங்கே நேரம் இல்லை.

காட்டில் கண்ணியில் சிக்கிய முயலைப் பிள்ளைக்கு விளையாடக் கொண்டுவருகிறவர்களும் உண்டு. அது வேறு இனம், கூண்டில் தங்காது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் குற்றம்.

வானொலி நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். புல், உண்டியல், பன்னிரண்டு மணி நேரம், மாட்டாஸ்பத்திரி, இந்த நான்கில் ஒன்றாவது இன்று ராத்திரி உங்கள் வீட்டில் பேச்சாக இருந்தால் மருத்துவருக்குச் சந்தோஷம்.

அந்த அம்மாவை அவர் அதன்பின் ஒரு தடவை பார்த்தார், மலை மேல் நடந்த கால்நடை முகாமில். இரண்டு வெள்ளாடுகளோடு வரிசையில் நின்றிருந்தார். கூடை இல்லை. மருத்துவருக்குக் கேட்கத் தயக்கம், கெட்டது நடந்திருந்தால்? மெல்ல விசாரித்தார்.

“அதுக்கென்ன டாக்டரம்மா, விடிஞ்சதுலேருந்து தின்னுக்கிட்டே கெடக்குது. பையன் பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி அதுக்கு ஒரு கட்டு அறுத்துப் போட்டுட்டுத்தான் போவான். இப்ப ஆட்டுக்குத்தான் புல்லு பத்தல.”