எங்களை அறிமுகம் செய்துகொள்கிறோம்
(வெள்ளி விழா மாணவர் அரங்கில் ஆற்றிய உரை)



இக்கழகத்தின் மாலை வகுப்பில் பாய் விரித்து அமர்ந்து வாய்ப்பாடு ஒப்பித்தவர்கள் நாங்கள் இருவரும். இன்று முதுநிலை வகுப்பில் வணிகப் பகுப்பாய்வியல் பயின்று வருகிறோம். எங்களை அறிமுகம் செய்துகொண்டு சில சொற்கள் கூறுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். எழுத அமர்ந்தபோதுதான், அறிமுகம் எங்களுக்கு எந்நாளும் எளிதாக இருந்ததில்லை என்பது புலனாயிற்று.

முதலில் படிப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். 'கடை வைக்கவா இத்தனை படிப்பு?' என்று எங்கள் அன்னையரே கேட்டதுண்டு. கடை வைப்பதன்று, கடையின் கணக்கைப் படிப்பது. தீபாவளி மாதத்தில் துணிக்கடை எழுதிய பற்றுச்சீட்டுகளைக் கணிப்பொறியில் இட்டு, எவ்விலைச் சேலை எந்த வாரத்தில் விற்றது, அடுத்த ஆண்டு எத்தனை வாங்கி வைக்கலாம் என மதிப்பிடுவது. வங்கி முன்னர்க் கொடுத்த கடன்களைக் கொண்டு, இனி வருவோருள் எவர் திருப்பிச் செலுத்துவார் எனக் கணிப்பது. பாதி நாள் பிழைபட்ட பட்டியல்களைச் செப்பனிடுவதிலேயே கழிகிறது. இதனை எந்த விளம்பரமும் சொல்வதில்லை! வணிகமும் பணமும் நமக்குப் புதிய துறை என்பாரும் உளர். அண்ணல் அம்பேத்கர் 1918-இல் பம்பாய் சைடன்ஹாம் வணிகக் கல்லூரியில் பேராசிரியராக அமர்ந்தவர். 1923-இல் ரூபாயின் சிக்கலைப் பற்றி நூல் வெளியிட்டவர்.

கடன் கணிப்பில் ஒன்று எங்களைத் தொல்லைப்படுத்துகிறது. பழைய பட்டியலில் நம் தெருவினர் கடன் மறுக்கப்பட்டவர்களாக இருப்பின், கணிப்பொறி அதனையே பாடமாகக் கற்கும். சாதி என்னும் கட்டத்தை நீக்கினாலும் முகவரி நிற்கிறது. 'காலனி' என்னும் ஒரு சொல் போதாதா? அச்சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என 2025 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்ததை வரவேற்கிறோம். ஆயினும், முன்னரே கணிப்பொறியில் ஏறிய பட்டியல்கள் பழைய முகவரியைச் சுமந்தே கிடக்கும்.

வகுப்பின் முதல் நாள் ஒவ்வொருவரும் எழுந்து பெயர், ஊர், தந்தையின் தொழில் கூறினர். ஒருவர் தம் குடும்பத்து அரிசி ஆலையை விரிவாகவே வருணித்தார். நாங்கள் பெயரையும் மாவட்டத்தையும் சொல்லி அமர்ந்தோம். ஊரைச் சொன்னால் தெருவைக் கேட்பார்கள். அன்று மாலையே உணவு விடுதியில் ஒருவர் சிரித்த முகத்துடன் அதையும் கேட்டார். 'பேருந்து நிலையத்துக்கு அருகில்' என்றோம். நம் ஊரில் பேருந்து நிலையமே இல்லை என்பதை நீங்கள் அறிவீர்கள்.

சில மாதங்கள் கழித்து, விடுபட்ட விவரங்களைப் பற்றிய பாடம் வந்தது. பட்டியலில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் சராசரியை இட்டு நிரப்பிவிடத் தோன்றும். அவ்வெறுமை எவ்வாறு நேர்ந்தது என்பதை முதலில் ஆராய வேண்டும் என்பதற்கு, டொனால்ட் ரூபின் என்னும் புள்ளியியல் அறிஞர் 1976-இல் எழுதிய கட்டுரை அடிப்படை. தற்செயலாக விடுபடுவதும் உண்டு. எழுத வேண்டிய செய்தியின் பொருட்டே ஒருவர் எழுதாது விடுவதும் உண்டு. பின்னதைச் சராசரியால் நிரப்பினால் முடிவு பொய்க்கும். ஆசிரியர் வருமானத்தை எடுத்துக்காட்டாகச் சொன்னார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அடுத்த பருவத்தில் புதிய ஆசிரியர் மீண்டும் அறிமுகம் கேட்டார். ஊரையும் தெருவையும் சொன்னோம். இந்த மாலை வகுப்பையும் சொன்னோம். அதன்பின் ஒருவர் எங்களுடன் அமர்ந்து உண்பதை நிறுத்திக்கொண்டார். மற்றொருவர் மூன்று நாள் கழித்துத் தனியே வந்து, தாமும் அப்படியொரு தெருவினரே என்றார்.

கழக அலமாரியில் இருபத்தைந்து ஆண்டு வருகைப் பதிவேடுகள் உள்ளன. இடையில் நின்ற பிள்ளைகளின் பெயருக்கு எதிரே வெறுங்கோடுதான் இருக்கிறது. அவர்கள் எந்த வகுப்பில், எந்த மாதத்தில் நின்றனர்? கரும்பு வெட்டுக்கோ செங்கற் சூளைக்கோ குடும்பம் பெயர்ந்த காலமா? பெண் பிள்ளையை வீட்டில் நிறுத்திய ஆண்டா? அறிய விரும்புகிறோம். அப்பதிவேடுகளைத் தந்துதவுமாறு செயலாளர் அவர்களை வேண்டுகிறோம். கோடை விடுமுறை முழுதும் இங்கேதான் இருப்போம். பழைய மாணவர்களின் வீடுகளை அறிந்த பெரியோர் இருவர் உடன் வந்தால், அக்கட்டங்களை நேரில் கேட்டே நிரப்புவோம்.