பழங்கருவியும் பழஞ்சுவடியும்



இலக்கியத் தொடரில் போர்க்கால வானொலி வாங்கியைப் பற்றிப் பேசுவதேன் என்று சிலர் எண்ணக்கூடும். பழையதொன்றைச் செப்பனிடுவோன் எங்கே கைவைக்கலாம், எங்கே கைவைக்கலாகாது என்னும் வினா, சுவடி பதிப்போனுக்கும் கருவி திருத்துவோனுக்கும் பொதுவானது. அதனாலேயே இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

இரண்டாம் உலகப்போரிலே பிரித்தானிய விமானப்படையின் லங்காஸ்ரர் குண்டுவீச்சு விமானங்களில் ஆர் 1155 என்னும் வாங்கி பொருத்தப்பட்டிருந்தது. மார்க்கோனி நிறுவனம் வடிவமைத்த இக்கருவியில் பத்து வால்வுகள் உண்டு. செய்தியைக் கேட்பிப்பதோடு, அலை வரும் திசையை அறியவும் அது உதவிற்று. இருளிலே பறந்தவர்களுக்கு அது செவியாகவும் வழித்துணையாகவும் இருந்தது. 1945 இல் போர் முடிந்தபின் எஞ்சிய பெட்டிகள் மலிவாக விற்கப்பட்டன. வாங்கியவர்களிற் பலர், திசையறியும் பகுதியைக் கழற்றியெறிந்துவிட்டு, அதனை வீட்டு வானொலியாக மாற்றிக்கொண்டனர்.

இத்தகைய பெட்டியொன்று இன்று கைக்கு வந்தால், உடனே மின்னை ஏற்றிப் பார்க்கவே மனம் தூண்டும். அந்த ஆவலே அதற்கு எமனாகிவிடும். அதனுள்ளே இருப்பவை கடதாசிச் சுருளாலான கொள்ளளவிகள். ஆண்டுகள் செல்ல ஈரம் புகுந்து, தடுக்கவேண்டிய நேரோட்டத்தை அவை கசியவிடும். வெளியீட்டு வால்வுக்கு முன்னே நிற்கும் கொள்ளளவி கசிந்தால், வால்வு அளவுக்கு மீறிய மின்னை இழுத்துச் சூடேறும். அதனோடு இணைந்த நிலைமாற்றியும் கருகலாம். வால்வு கெட்டுவிட்டது என்று புதிய வால்வைச் செருகுபவன், அதனையும் பலிகொடுப்பான். குற்றம் வால்வில் இல்லை. விரலளவான கொள்ளளவியில் இருக்கிறது. வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் வைத்தியனுக்கு வகுத்த ஒழுங்கு இங்கும் பொருந்தும்.

ஆகவே, தேர்ந்தவர் முதலிற் கண்ணாற் பார்ப்பர், மூக்கால் முகர்வர், சுற்றுப்படத்தை விரித்து ஒவ்வொரு தடையையும் அளப்பர். பின்னர், மின் வழங்கியின் பாதையில் ஒரு மின்குமிழைத் தொடராக இணைத்து மின்னை ஏற்றுவர். குமிழ் பளிச்சென்று எரிந்துகொண்டேயிருந்தால், உள்ளே எங்கோ மின் குறுக்கே பாய்கிறது என்று அறிந்து அணைத்துவிடுவர். அணைத்த பின்னும் கொள்ளளவிகளில் உயிர்கொல்லும் மின் தேங்கிநிற்கலாம் என்பதை அவர் மறவார். வேறு சில படைக்கருவிகளின் முகப்பிலே ஒளிர்ந்த ரேடியப் பூச்சையும் சுரண்டமாட்டார். ஒளி மங்கியிருக்கும், ஆனால் ரேடியத்தின் நஞ்சு பாதியாகக் குறையவே ஏறத்தாழ 1600 ஆண்டுகள் செல்லும்.

கெட்ட கொள்ளளவியை மாற்றத்தான் வேண்டும். ஆனால் எப்படி? பொறுமைசாலி பழைய கூட்டின் உள்ளீட்டை அகற்றி, புதிய சிறு கொள்ளளவியை அதனுள்ளே வைத்து மூடுவார். எதை, எப்போது மாற்றினார் என்று எழுதிய தாளையும் பெட்டிக்குள் வைப்பார். அவசரக்காரரோ புதிய துளையிடுவார், புதிய நிறம் பூசுவார். பெட்டி மினுங்கும், ஆனால் விமானத்திலே அதை இயக்கியவனின் கைத்தேய்வு மறைந்துபோகும்.

நமது சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். அவரைப்போன்ற முன்னோடிகள் தொட்டது செல்லரித்த ஏடுகளை. ஏட்டில் அழிந்த இடத்தைத் தன் சொல்லால் நிரப்புகிறவன் வாசிக்கத் தடையில்லாத பாட்டைத் தரலாம். ஆனால் புலவனை இழந்துவிடுவான். புள்ளியிட்டு விடுகிறவனும், பாடபேதத்தை அடியிலே குறிக்கிறவனும் பின்வருவோருக்கு வழி திறந்து வைக்கிறார்கள். பெட்டிக்குள் வைத்த அந்தத் தாளும் ஓர் அடிக்குறிப்பே.

தொடவே கூடாது, அப்படியே காட்சிக்கு வைக்கவேண்டும் என்பாரும் உளர். கேளாத வாங்கியும் படிக்கப்படாத ஏடும் எனக்கு ஒன்றாகவே தோன்றுகின்றன. கருவி பேசட்டும்; ஆனால் தன் குரலிலேயே பேசட்டும். பழையதைக் காப்பதாகச் சொல்லி நம் குரலை அதற்குள் புகுத்திவிட்டால், அடுத்த தலைமுறை நம்மையே முன்னோர் என்று நம்பிவிடும். அழிவைவிடத் திருத்தத் தெரியாத பொய் அதுதான்.