ஐந்து சொற்களில் ஒரு விடுதலை வரலாறு



அமெரிக்க விடுதலை வரலாறு என்றதும் பிள்ளைகள் ஆண்டுகளை மனப்பாடம் செய்யத் தொடங்குகிறார்கள். முதலில் ஐந்து சொற்களைப் புரிந்துகொள்ளுங்கள். ஆண்டுகள் தாமாக மனத்தில் நிற்கும்.

முதல் சொல், காலனி. கடல் கடந்த அரசுக்குக் கட்டுப்பட்ட நிலம். வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இப்படி 13 பிரிட்டிஷ் காலனிகள் கிளர்ந்தெழுந்தன. அவற்றுக்கென்று சட்டமன்றங்கள் இருந்தன. ஆனால் லண்டன் நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர்கூட இல்லை.

இரண்டாவது, வரி. 1763இல் பிரான்சுடனான போர் முடிந்தபோது பிரிட்டன் பெருங்கடனில் இருந்தது. 1765இல் முத்திரைச் சட்டம் வந்தது. பத்திரிகை, சட்டப் பத்திரம், சீட்டுக்கட்டு எல்லாவற்றுக்கும் வரி.

மூன்றாவது, பிரதிநிதித்துவம். "எங்கள் ஆள் இல்லாத மன்றம் எங்களுக்கு எப்படி வரி போடலாம்?" என்று மக்கள் கேட்டனர். "நாடாளுமன்றம் உங்களுக்காகவும்தான் சிந்திக்கிறது" என்றது லண்டன். மக்கள் அதை ஏற்கவில்லை.

நான்காவது, புறக்கணிப்பு. வணிகர்கள் பிரிட்டிஷ் பொருட்களை வாங்க மறுத்தனர். 1766இல் அந்த வரி நீக்கப்பட்டது. அதே நாளில் இன்னொரு சட்டமும் வந்தது: காலனிகளுக்கு எந்தச் சட்டமும் இயற்ற லண்டனுக்கு அதிகாரம் உண்டு! கவனியுங்கள். வரி போயிற்று, அதிகாரம் போகவில்லை. கிடைத்தது சலுகை, உரிமை அல்ல. மறு ஆண்டே புது வரிகள் வந்தன. 1773இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலை விலை குறையும்படி ஒரு சட்டம் வந்தது. ஆனால் தேயிலை வரி அப்படியே இருந்தது. பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். சிக்கல் விலையில் இல்லை. முடிவு செய்வது யார் என்பதில்தான்.

ஐந்தாவது, பிரகடனம். 1775 ஏப்ரலில் துப்பாக்கிச் சூடு தொடங்கியது. அதன் பிறகும் ஜூலையில் மன்னருக்கு மனு அனுப்பினார்கள். மன்னர் அதை ஏற்க மறுத்தார். 1776 ஜூலை 4ஆம் நாள் சுதந்திரப் பிரகடனம் வெளிவந்தது. 1783இல் பிரிட்டன் அதை ஏற்றது.

மனிதர் அனைவரும் சமம் என்றது அந்தப் பிரகடனம். அன்று அதே மண்ணில் ஏறக்குறைய 5 இலட்சம் கறுப்பின மக்கள் அடிமைகளாக இருந்தனர். அடிமை முறையை ஒழிக்கும் சட்டத்திருத்தம் 1865இல்தான் வந்தது.

ஆகவே பெற்றோர்களே, வரலாறு படிக்கும் பிள்ளையிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். முடிவு செய்தது யார்? "அனைவரும்" என்றபோது விடுபட்டது யார்? இவற்றுக்குப் பதில் தேடும் பிள்ளை எந்த நாட்டின் வரலாற்றையும் புரிந்துகொள்ளும்.