'செட்' என்னும் சிறுசொல்லும் நம்முடைய 'படு'வும்
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



பேசுபொருள் ஓர் ஆங்கிலச் சொல் என்று நான் எழுதி அனுப்பியதும் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். "அம்மா, நம் விழாவில் ஆங்கிலத்துக்கு என்ன வேலை?" என்றார். நியாயமான கேள்விதான். அந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் எத்தனை வேலை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நம் விழாவில் அதற்கு என்ன வேலை என்பது பின்னால் விளங்கும்.

சொல், 'செட்'. ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. 1989இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் இரண்டாம் பதிப்பு இருபது தொகுதிகள் கொண்டது. அதில் மிக நீண்ட பதிவு இந்த வினைச்சொல்லுக்குரியது. அதை விளக்க ஏறத்தாழ 60,000 சொற்கள் தேவைப்பட்டன. தனித்து நிற்கும் வினைக்கு மட்டும் 430 பொருள்கள். அடுத்த பதிப்புக்கான திருத்தப் பணியில் 'மேக்' இதை முந்தியது. பின்னர் 'புட்' முந்தியது. 2011இல் 645 பொருள்களோடு 'ரன்' முன்னே போயிற்று. ஓட்டத்தைக் குறிக்கும் சொல் பந்தயத்தில் வென்றதில் வியப்பில்லை.

இதன் பிறப்பு எளியது. உட்காருதலைக் குறிக்கும் 'சிட்' தன்வினை. அதன் பிறவினை 'செட்'. நமக்கு 'இரு' என்பதிலிருந்து 'இருத்து' பிறந்தது போல. ஒன்றை ஓரிடத்தில் இருத்துவது, அவ்வளவுதான் முதற்பொருள். அங்கிருந்து அது கிளைத்த கிளைகளைப் பாருங்கள். மோதிரத்தில் கல்லைப் பதிப்பது, எலிக்குப் பொறி வைப்பது, பாட்டுக்கு மெட்டமைப்பது, வைக்கோல் போருக்குத் தீ வைப்பது, கைதியை விடுவிப்பது, பயணம் புறப்படுவது, சிமென்ட் இறுகுவது, ஞாயிறு மறைவது, எம்மைப் போன்றோர் வினாத்தாள் எழுதுவது, எல்லாமே 'செட்'. தொகுதி என்னும் பொருளில் வரும் பெயர்ச்சொல்லின் வழி வேறு. அது பின்தொடர்தலைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்து இதனோடு கலந்துவிட்டது.

இந்தச் சொல்லிடம் நான் ஒருமுறை நன்றாக ஏமாந்தேன். விரிவுரையாளர் பணியில் சேர்ந்த புதிதில் ஓர் ஆங்கிலச் சிறுகதையை மொழிபெயர்த்தேன். மரத்திலிருந்து விழுந்த சிறுவனின் கையெலும்பை மருத்துவர் 'செட்' செய்கிறார். நானோ, "எலும்பு அமைக்கப்பட்டது" என்று எழுதினேன். அச்சில் வந்ததை என் தாயாரிடம் பெருமையோடு காட்டினேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "எலும்பு என்ன கட்டடமா, அமைக்கிறதுக்கு? எலும்பைச் சேர்த்துக் கட்டினாருன்னு எழுதேன்" என்றார். முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்த காலம் அது. அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

அகராதியில் முதலில் இருந்த சொல்லை எடுத்தது மட்டும் என் பிழையன்று. 'அமைக்கப்பட்டது' என்பதில் இன்னொரு பிழையும் ஒளிந்திருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

'செட்'டை நம் மக்கள் எப்படி நடத்தினார்கள் என்பது தனிச் சுவை. டீ செட், செட் தோசை, சினிமா செட், ஒரே ஆண்டில் படித்தவர்களைக் குறிக்கும் 'எங்க செட்' என்று எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டார்கள். 'இந்த வேலை எனக்குச் செட்டாகாது' என்று என் மாணவிகள் சொல்லும்போது அது முழுத் தமிழ் வினையாகவே ஒலிக்கிறது. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது பம்புசெட். இயந்திரத்தின் பெயர், கிராமத்தில் ஓர் இடத்தின் பெயராகிவிட்டது. 'பம்புசெட்டுக்குப் போறேன்' என்றால் குளிக்கப் போகிறேன் என்று பொருள். 430 பொருள்களில் இது இல்லை!

புலவர்கள் நடத்தியது வேறு விதம். கணிதத்தில் வரும் 'செட்' தமிழ்நாட்டுப் பாடநூல்களில் கணம். இலங்கைப் பாடநூல்களில் தொடை. எதுகையும் மோனையும் தொடுத்துப் பழகிய நமக்கு, எண்களைத் தொடுத்துத் தொடை என்றது சற்றுக் கூடுதலாகவே இனிக்கிறது. ஆனால் இரண்டும் நல்ல சொற்களே.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். 'செட்'டுக்கு இணையாக வேலை செய்யும் சொல் தமிழில் உண்டா என்று தேடினால், என் கணிப்பில் அது 'படு'. அது இருத்துவது, இது கிடப்பது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைப் புரட்டுங்கள். தோன்றுதல் என்றும் பொருள், மறைதல் என்றும் பொருள். உண்டாதல், அழிதல், ஒலித்தல், பெய்தல், அகப்படுதல், சாதல் எல்லாம் அதற்குள் அடக்கம். முரசு பட்டது, மழை பட்டது, வீரன் களத்தில் பட்டான். ஆங்கிலத்தில் ஞாயிறு 'செட்' ஆவது போல இங்கும் ஞாயிறு படும். நெய்தலின் சிறுபொழுதாகத் தொல்காப்பியம் சொல்லும் எற்பாடு, ஞாயிறு படும் நேரம். அதைக் காலை என்று கொண்டவர்களும் உண்டு. தோன்றுதல் என்ற பொருளும் 'படு'வுக்கு இருப்பதால் அவர்களுக்கும் அதில் இடம் இருந்தது. யாழ்ப்பாணத்தார் இன்றும் மாலையைப் 'பொழுதுபட' என்கிறார்கள்.

பேச்சில் இந்தச் சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது. கண்ணில் பட்டது, மனத்தில் பட்டது, வெயில் பட்டது, பட்ட மரம், பட்ட கடன், பட்ட பாடு. பட்டுப் பெற்ற அறிவு பட்டறிவு. இவை எல்லாவற்றிலும் பட்டவர், பட்ட பொருள் நம் முன்னே நிற்பதைக் கவனியுங்கள்.

நம் எழுத்தில் அதே 'படு' என்ன ஆயிற்று? விழா மலருக்கு வந்த கவிதைகளைத் தேர்வுக் குழுவில் அமர்ந்து படித்தபோது எனக்கு உறுத்தியது இதுதான். பக்கத்துக்குப் பக்கம் 'படு' இருக்கிறது. ஒரே வேலையில் இருக்கிறது. எழுதப்பட்டது, மறக்கப்பட்டது, மறுக்கப்பட்டது. செயப்பாட்டுவினை தமிழுக்குப் புதிதன்று என்பதை இலக்கணம் கற்பிக்கும் நான் அறிவேன். அதன் பெருக்கம் புதிது. ஆங்கில வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த அரசாணைகளும் செய்தித்தாள்களும், என் 'எலும்பு அமைக்கப்பட்டது' போன்ற மொழிபெயர்ப்புகளும் சேர்ந்து பெருக்கியவை. அந்த வாக்கியத்தில் மருத்துவரைக் காணோம் என்பதைத்தான் என் தாயார், 'கட்டினாரு' என்ற ஒரு விகுதியால் எனக்குக் காட்டினார்.

தேர்ந்தெடுத்த கவிதைகளில் ஒன்று, ஆற்றங்கரைக் குடிசைகளைப் பற்றியது. எழுதியவர் அந்தக் கரையிலேயே பிறந்தவர். நல்ல கவிதை. மலரில் அது இடம்பெற வேண்டும் என்று முதலில் சொன்னவளும் நானே. ஆனால் அதன் நடுவே 'குடிசைகள் அகற்றப்பட்டன' என்று ஒரு வரி. அறிவிப்புப் பலகையின் மொழி அது. அகற்றியவர் யார் என்று சொல்லாமலிருக்க அலுவலகத்துக்குக் காரணம் இருக்கலாம். கவிஞருக்கு என்ன காரணம்? பட்டவர்களைப் பற்றிய கவிதையில் 'படு' என்ற சொல்லே பட்டவர்களையும் காட்டாமல், படுத்தியவர்களையும் காட்டாமல் நிற்கிறது.

கைப்பிரதியின் ஓரத்தில் பென்சிலால் "யார்?" என்று மட்டும் எழுதி அனுப்பினேன். அந்த இளைஞர் இதோ மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். இன்னும் பதில் வரவில்லை. வரியை மாற்றுவதும் மாற்றாததும் அவர் உரிமை. மலர் அச்சுக்குப் போக இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது என்று செயலாளர் சொன்னார்.