சுட்டவர் வாதி, சுடப்பட்டவர் எதிரி: ஓசூர்–கிருஷ்ணகிரி எல்லைப் பகுதியில் என்கவுன்டரும் தீர்ப்பும்

தண்டனையாக ஒருவரைச் சுடும் உரிமையை இந்தியச் சட்டம் போலீசாருக்குத் தரவில்லை. தன் உயிரையும் பிறர் உயிரையும் காத்துக்கொள்ளும் தற்காப்பு உரிமை அவர்களுக்கு உண்டு. ராகி வயலில் நிற்கும் விவசாயிக்கும், சிப்காட்டில் ஷிப்டு முடித்து வீடு திரும்பும் தொழிலாளிக்கும் உள்ள அதே உரிமைதான் அது. கைதை எதிர்ப்பவரை அடக்கத் தேவையான வழிகளையும் அவர்கள் கையாளலாம். ஆனால் மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாதவரின் உயிரைப் போக்க அந்த அதிகாரம் இடம் தராது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 46-வது பிரிவு இப்படிச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43-வது பிரிவும் அதையே சொல்கிறது. 2018 மே மாதம் தூத்துக்குடியில் 13 உயிர்களைப் பறித்தது போன்ற, கூட்டத்தின் மீதான துப்பாக்கிச் சூட்டுக்குரிய விதிகள் வேறு. இங்கே பேசப்படுவது தனி ஆட்களைச் சுடுவது, மக்கள் வாயில் ‘என்கவுன்டர்’ என்று வழங்குவது.

2025 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மலைக்குச் சென்ற ஒரு பெண் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். தேடப்பட்டவர்களில் ஒருவரைப் பிடிக்கப் போன போலீசார், அவர் தாக்கியதாகக் கூறிக் காலில் சுட்டனர். அந்த ஊர்க்காரர்களில் பலர் அதை வரவேற்றார்கள். கொடுமைக்கு உள்ளான பெண்ணின் மீது கொண்ட பரிவிலிருந்து எழுந்த அந்தக் கோபத்தைக் குறைகூற முடியாது. எலும்பு முறிந்த கைகாலுக்குப் போடும் ‘மாவுக்கட்டு’ என்ற சொல் தமிழ்நாட்டில் இன்று தண்டனையின் மறுபெயராகவே ஆகிவிட்டதற்கும் அந்தக் கோபமே காரணம். 2019 டிசம்பர் 6 அன்று ஹைதராபாத் அருகே சட்டான்பள்ளியில், கால்நடை மருத்துவர் கொலை வழக்கில் கைதான நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டபோது நாடே கொண்டாடியது. அந்த இடம் ஓசூரையும் கிருஷ்ணகிரியையும் ஊடறுத்துச் செல்லும் அதே 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டியது. உச்ச நீதிமன்றம் நியமித்த நீதிபதி சிர்புர்கர் ஆணையம், வேண்டுமென்றே சுடப்பட்டார்கள் என்று முடிவுசெய்து, பத்துப் போலீசார் மீது கொலை வழக்கு நடத்தப் பரிந்துரைத்தது. அந்த அறிக்கை 2022-இல் வெளிவந்தபோது, சுட்ட போலீசார்மீது பூத்தூவிய கூட்டத்தில் அதைப் படித்தவர்கள் குறைவாகவே இருந்திருப்பார்கள்.

என்கவுன்டர் முடிந்த சில மணி நேரத்தில் காவல் நிலையத்தில் பதிவாகும் முதல் தகவல் அறிக்கையைக் கவனமாகப் படிக்க வேண்டும். சுட்ட ஆய்வாளரோ உடனிருந்த அதிகாரியோ அதில் வாதியாக இருப்பார். சுடப்பட்டவர் ‘எதிரி’. குற்றம், கொலை முயற்சியும் அரசு ஊழியரைப் பணிசெய்யவிடாமல் தடுத்ததும். கைப்பற்றிய பொருள்களின் பட்டியலில் ஓர் அரிவாளோ நாட்டுத் துப்பாக்கியோ இருக்கும். சுடப்பட்டவர் இறந்துபோனால், எதிரி உயிருடன் இல்லாததால் வழக்கு அத்தோடு முடிந்துவிடும். ஒருவர் சாக, அந்தச் சாவைப் பற்றிய வழக்கில் அவரே குற்றவாளியாகி, நீதிமன்ற விசாரணையே இல்லாமல் கோப்பு மூடப்படுகிறது. தற்காப்புக்காகச் சுட்டேன் என்பது நீதிமன்றத்தில் எடுத்து வைத்து நிலைநாட்ட வேண்டிய ஒரு வாதம். இந்த நடைமுறையில் அது காவல் நிலையத்திலேயே தீர்ப்பாகிவிடுகிறது. எல்லா என்கவுன்டர் சாவிலும் சுட்டவர்மீது கொலை வழக்குப் பதிய வேண்டும் என்று ஆந்திர உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2009-இல் சொன்னது இதனால்தான். உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது.

இந்தப் பகுதிக்கு என்கவுன்டர் புதிதல்ல. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில். அதுவரை அது தருமபுரியின் பகுதி. 1980-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தருமபுரி, வட ஆற்காடு மாவட்டங்களில் வால்டர் தேவாரம் தலைமையில் நக்சலைட்டு வேட்டை நடந்தது. ‘மோதலில்’ இறந்ததாக அப்போது அறிவிக்கப்பட்ட இளைஞர்கள் பலர். 2002 நவம்பர் 24 அன்று ஊத்தங்கரைப் பகுதியில் சிவா என்ற பார்த்திபன் சுட்டுக் கொல்லப்பட்டார். உடன் இருந்ததாகச் சொல்லிப் பிடிக்கப்பட்டவர்கள்மீது பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடா பாய்ந்தது. அவர்களில் பதினெட்டு வயது நிரம்பாத ஒரு சிறுவனும் இருந்தான்.

சந்தனக் கடத்தல் வீரப்பன் வழக்கில் தமிழ்நாடு–கர்நாடக எல்லையின் இரு பக்கமும் சேர்ந்தே வருகின்றன. 2004 அக்டோபர் 18 இரவு தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே கே.விஜயகுமார் தலைமையிலான அதிரடிப்படை அவரையும் கூட்டாளிகள் மூவரையும் சுட்டுக் கொன்றது. படையினருக்குப் பதவி உயர்வும் ரொக்கப் பரிசும் வீட்டுமனையும் உடனே அறிவிக்கப்பட்டன. அந்தத் தேடுதல் வேட்டையில் சிக்கிய மலைக்கிராம மக்களின் கதை வேறு. கர்நாடகம் மைசூரு தடா நீதிமன்றத்தில் நடத்திய வழக்கில் நூற்றுக்கும் மேற்பட்டோர் பல ஆண்டுகள் சிறையில் கிடந்தார்கள். 2001-இல் அவர்களில் பெரும்பாலோர் குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டார்கள். ஆயுள் தண்டனை பெற்ற நால்வர் மேல்முறையீடு செய்தபோது, 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை மரண தண்டனையாக உயர்த்தியது. 2014 ஜனவரி 21 அன்று அதே நீதிமன்றம் அதை ஆயுளாகக் குறைத்தது. அதிரடிப்படையின் அத்துமீறல்களை நீதிபதி சதாசிவா குழு விசாரித்தபின், 2007-இல் தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு மொத்தம் 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கப் பரிந்துரைத்தது.

தீர்ப்புகளைப் பற்றிய விவாதமும் இங்கே குறைவில்லை. 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூரு தனி நீதிமன்றம் சொத்துக் குவிப்பு வழக்கில் ஜெயலலிதாவுக்கு நான்காண்டுச் சிறை விதித்தபோது ஓசூர் எல்லையில் பேருந்துகள் நின்றன. 2000-இல் தருமபுரியில் மூன்று மாணவியர் பேருந்தோடு எரிக்கப்பட்ட வழக்கில் 2007-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2010-இல் அது உறுதியானது, 2016-இல் ஆயுளாகக் குறைந்தது, 2018-இல் குற்றவாளிகள் விடுதலையானார்கள். மகளை இழந்தவர்களுக்கு அந்த விடுதலை தாங்க முடியாத வலி. ஆனாலும் சாட்சிகள் சொன்னது, நீதிபதிகள் சொன்ன காரணம் எல்லாம் பதிவாகி இருக்கின்றன. தவறென்று கருதுபவர் எந்த வரி தவறு என்று காட்டி வாதாட முடியும்.

நீதிமன்றத்தின் தாமதம்தான் என்கவுன்டருக்குக் கைதட்ட வைக்கிறது என்ற வாதத்துக்கு வாச்சாத்தியில் பதில் இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடி அந்த மலையடிவாரக் கிராமத்துக்குள் புகுந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் 18 பெண்களை வன்கொடுமை செய்தனர், வீடுகளைச் சூறையாடினர். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர், அத்தனை பேரும் அரசு ஊழியர்கள். தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பர் 29 அன்று. அதற்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள். உயிருடன் இருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி பி.வேல்முருகன் 2023-இல் வாச்சாத்திக்கே நேரில் போய் மக்களைக் கேட்டார். அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் பத்து லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டார். முப்பத்தொரு ஆண்டுகள் என்பது கொடுமையான காலம். ஆனால் நீதிமன்றக் கூண்டில் ஏறி, நேருக்கு நேர் அடையாளம் காட்டிய அந்தப் பழங்குடிப் பெண்களின் உறுதியால்தான் சீருடை அணிந்தவர்கள் சிறைக்குப் போனார்கள். குறுக்குவழியை விரும்பும் எந்த ஏற்பாட்டிலும் அவர்களின் சாட்சியத்துக்கு இடமே கிடைத்திருக்காது.

2014 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஆர்.எம்.லோதா, ரோஹிண்டன் நாரிமன் அமர்வு, மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் என்கவுன்டர் சாவுகளுக்குப் பதினாறு விதிகளை வகுத்தது. புலன்விசாரணையைச் சி.ஐ.டி.யோ வேறு காவல் நிலையமோ நடத்த வேண்டும். சுட்ட ஆயுதங்களைத் தடயவியல் சோதனைக்கு ஒப்படைக்க வேண்டும். மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம். இறந்தவரின் நெருங்கிய உறவினருக்கு உடனே தகவல் தர வேண்டும். சம்பவம் நடந்த கையோடு வீரப் பதக்கமோ முறைமீறிய பதவி உயர்வோ கூடாது. எல்லை மாவட்டங்களில் புலன்விசாரணை பற்றிய விதிக்குத் தனி எடை உண்டு: ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் இடையே தப்பியோடுபவரை இரு மாநிலப் போலீசும் துரத்தும்போது, எந்த நிலையத்தின் பதிவேட்டில் சம்பவம் ஏறியது என்பதே குடும்பத்தாருக்குத் தெரிய நாளாகும். இந்த விதிகள் பின்பற்றப்படவில்லை என்று கருதும் குடும்பம், சம்பவ இடத்துக்குரிய அமர்வு நீதிபதியிடம் முறையிடலாம். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள் நடந்ததென்றால், அந்த மனு கிருஷ்ணகிரி மாவட்ட அமர்வு நீதிபதியின் முன் செல்லும்.